மூன்று விரல் அகலம்

மீனாட்சிபுரம்,
16 பிப்ரவரி 2025

அன்பு அம்மிணி பிரதீபாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை பூபதிராஜாவும் உன் மாமியார் சரஸ்வதியம்மாளும் சுகமாக இருக்க வேண்டும். மலைக் குளிர் உனக்கு இன்னும் பழகியிருக்காது. வெளியே போனால் காதுக்குத் துணி கட்டிக்கொள்.

போன் பண்ணினால் என்ன என்று கேட்டிருந்தாய். பண்ணலாம்தான். என் மகன் கௌசிக் போன பிறகு உன்னை நானே இன்னொரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தேன். நீ அங்கே சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது பழைய மாமியாரின் பெயர் போனில் வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கடிதம் என்றால் உனக்குத் தோதுப்பட்டபோது பிரித்துப் படிக்கலாம். சலிப்பாக இருந்தால் அடுப்பில் போடலாம்.

எனக்கு ஒரு மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் சுருட்டிப் பிடிக்கிறது. தம்பி பொங்கியண்ணன் விடாமல் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். பித்தப்பையில் கல்லாம். நகர்ந்து குழாயை அடைத்தால் காமாலை கண்டு உயிருக்கே வினையாகிவிடுமாம். அதற்குள் ஓட்டை போட்டுப் பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். நான் முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

செவலைப் பசு நிறைசினையாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் எங்கே போய்ப் படுப்பது? நீ இதை நினைத்துக் கவலைப்படாதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தை,
நாச்சம்மாள்

---

கம்பம்மெட்டு,
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. எந்தக் கடிதத்தையும் நான் அடுப்பில் போட்டதில்லை. எல்லாம் என் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கின்றன.

செவலைக்குப் பிரசவம் பார்க்க, உங்களோடு பால் கறக்கிற ராமாத்தாள் அக்கா போதாதா? நீங்கள் பக்கத்தில் நிற்காவிட்டால் அது கன்று போடமாட்டேன் என்று சொன்னதா? உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள் அத்தை. நான் உங்கள் வீட்டுக்கு வந்த அடுத்த வருஷம் உங்களுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் தொடங்கிய வாந்தி இரண்டு நாள் நிற்கவில்லை. வெட்டின வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீங்கள் உமட்டியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. நீங்கள் பயப்படுவது அதற்குத்தானே?

பக்கத்து வீட்டு ஷிஜி கட்டப்பனையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவள் சொன்னது இது. மணிக்கட்டின் உள்பக்கம், கை மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நரம்புகளுக்கு நடுவில் ஓர் இடம் இருக்கிறது. மயக்கம் கொடுக்கும் நேரத்தில் அங்கே மெல்லிய அக்குபங்சர் ஊசி வைத்தாலோ அழுத்திப் பிடித்தாலோ, ஆபரேஷனுக்குப் பின் குமட்டலும் வாந்தியும் குறைகிறதாம். சில மயக்க டாக்டர்கள் மருந்தோடு இதையும் செய்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அழுத்தினால் முதலில் லேசாகக் கடுக்கும், பிறகு வயிற்றில் புரட்டுவது மெல்ல அடங்கும்.

நான் நலம். கொஞ்சம் அசதி. இவர் கடையில் ஏலக்காய் மூட்டை பிரிக்கும்போது அந்த வாசனைதான் இப்போதெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்தான் காரணமாக இருக்கும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரதீபா

---

மீனாட்சிபுரம்,
9 மார்ச் 2025

அம்மிணிக்கு,

உன் அசதி தீர்ந்ததா? சுக்குக் காப்பி போட்டுக் குடி. செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மாவைப் போலவே திமிர்.

ஆக, ஒரு சாக்கு போய்விட்டது. பொங்கியண்ணன் என்னை மறுபடியும் இழுத்துப்போனான். மயக்க டாக்டர் ஷீனா என்று ஒரு பெண். நீ எழுதியதைச் சொல்லிக் கேட்டேன். அது முகம் மலர்ந்துவிட்டது. அதற்கு அந்த ஊசி வைக்கத் தெரியுமாம், அதற்கென்றே படித்ததாம். வாந்தியைச் சர்தி என்றுதான் சொல்கிறது. "அம்மே, பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். சர்திக்கு மருந்தும் தரும், இந்த ஊசியும் வெக்கும். ரெண்டும் சேர்ந்தா குறையும். எல்லார்க்கும் ஒரேபோல கேக்கும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றது. பொய் சொல்லாத டாக்டர். எனக்குப் பிடித்துவிட்டது.

அது தன் விரலை வைத்துக் காட்டப் போனது. உடனே தானே சிரித்து, "என் விரல் இல்ல அம்மே, உங்க விரல்தான் கணக்கு" என்று என் விரல்களையே என் கையில் வைத்தது. பால் கறந்து கறந்து என் மூன்று விரலும் பக்கத்து வீட்டு ஆளின் நாலு விரல் அகலம். என் வாந்தி அரை முழம் தள்ளித்தான் குடியிருக்கும் போலிருக்கிறது என்று சொன்னேன். டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இந்த மாதக் கடைசியில் தேதி கொடுத்தார்கள். ஆனால் பார், நம் மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கிவிட்டார்கள். நான் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டினவள் ஊர் எல்லை தாண்டி வேறெங்கும் தங்கக்கூடாது என்பது உனக்கே தெரியும். அம்மன் காரியத்தைத் தள்ளிவைக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நாச்சம்மாள்

---

கம்பம்மெட்டு,
18 மார்ச் 2025

அத்தை,

நலம் விசாரிக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

நான் அந்த வீட்டில் இருந்த வருஷங்களில் நீங்கள் ஒருமுறைகூடக் காப்புக் கட்டியதில்லை. "மாட்டுக்காரிக்கு விரதம் எங்க கண்ணு வாய்க்குது" என்று சொல்வீர்கள். இந்த வருஷம், ஆபரேஷன் தேதி கொடுத்த பிறகு, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டீர்கள். அம்மனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள் அத்தை.

ஒன்று சொல்கிறேன். தப்பாக இருந்தால் திட்டுங்கள். உங்கள் பயம் வாந்தி இல்லை. அப்போது அந்த இரண்டு நாளும் உங்கள் முகத்துக்கு நேரே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது உங்கள் மகன். நர்ஸ் வந்து வாங்கப் போனால்கூட விடவில்லை. "எங்கம்மா எனக்குத் தொடைக்காததா?" என்று சிரித்துக்கொண்டே உங்கள் வாயைத் துடைத்துவிட்டார். இப்போது கண் விழித்தால் அந்த இடத்தில் அவர் இருக்கமாட்டார். அதைப் பார்க்க உங்களால் முடியாது. எனக்கும் முடியாதுதான்.

நான் வருகிறேன். கிண்ணத்தை நான் பிடிக்கிறேன். திருவிழா முடிந்ததும் தேதி வாங்குங்கள்.

இதோடு ஒரு ஜோடி மணிக்கட்டுப் பட்டை அனுப்பியிருக்கிறேன். எலாஸ்டிக் துணியில் உள்பக்கம் ஒரு பொத்தான் வைத்து ஷிஜி தைத்தது. பொத்தான் அந்த இடத்தில் அழுந்துமாறு இரண்டு கையிலும் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் சம்மதித்தால் ஊசி எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக வேலை செய்கிற ஜோடி இது. அதனால்தான் இதையே அனுப்புகிறேன்.

பிரதீபா

---

மீனாட்சிபுரம்,
30 மார்ச் 2025

அன்பு பிரதீபாவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். திருவிழா நல்லபடியாக நடக்கிறது.

பட்டை கிடைத்தது. நன்றாக உழைத்த பட்டை.

நீ வர வேண்டாம். நீ இன்னொரு வீட்டு மருமகள். எனக்காக நீ மலை இறங்கி வருவது சரிப்படாது. கோபப்பட்டு எழுதியதற்காக வருத்தப்படாதே. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நாச்சம்மாள்

---

கம்பம்மெட்டு,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? வலி மறுபடியும் வந்ததா? நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போன் பண்ணினால் பொங்கியண்ணன் மாமா எடுத்து, "அக்கா நல்லா இருக்கறாங்கம்மிணி, மாட்டுக் கொட்டாயில இருக்கறாங்க" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் மாட்டுக் கொட்டகையிலேயே இருக்கிறீர்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் நீங்கள் என்னை அம்மிணி என்று கூப்பிடவில்லை. அவரைப் பற்றி நான் எழுதியிருக்கக்கூடாது. செத்தவரைப் பற்றி இன்னொரு வீட்டிலிருந்து எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். இவர் பார்த்துவிட்டு, "வேணும்னா நானே உன்னய மீனாட்சிபுரத்துல கொண்டுபோய் விடுறேன், இப்படி நிக்காத" என்கிறார். உங்களைக் கேட்காமல் வர எனக்குத் தைரியம் இல்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

பிரதீபா

---

மீனாட்சிபுரம்,
4 மே 2025

என் அம்மிணிக்கு,

உன்னைத் தபால்காரருக்காகக் காக்கவைத்த பாவம் என்னுடையது. உட்கார்ந்து படி. நிற்காதே.

பட்டையைப் பிரித்துப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. எலாஸ்டிக் தளர்ந்திருந்தது. பொத்தானைச் சுற்றி நீ பூசுகிற மஞ்சள் ஏறியிருந்தது. ஆபரேஷன் ஒன்றும் ஆகாத பெண் இதை ஏன் நாள் முழுக்கக் கையில் போட்டுத் திரிய வேண்டும்? ஏலக்காய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு எழுதியிருந்தாய். குமட்டல் அடங்குவது எப்படி இருக்கும் என்று பட்டவள் போலவே சொல்லியிருந்தாய். கொட்டகை நிறையச் சினைமாடு கட்டியிருக்கிறவளிடம் இதை மறைக்கப் பார்த்தாயே, சமர்த்து!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கௌசிக்கும் நீயும் வாழ்ந்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு நான் ஏறி இறங்காத கோயில் இல்லை. அப்போது கொடுக்காத சாமி இப்போது கொடுத்திருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது. மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். உன் மேல் கோபம் இல்லை. என் மகனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லையே என்ற அழுகை. அந்த மனசோடு உனக்கு எழுதக்கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன்.

ஒரு நாள் பால் கறக்கும்போது ராமாத்தாளிடம் சொன்னேன். அவள் கறப்பதை நிறுத்திவிட்டு, "ஏனுங்கக்கா, அந்தப் புள்ளைக்குத்தான் அம்மா இல்லீங்களே. பேறுகாலத்துக்கு அது எங்க போவும்?" என்று கேட்டாள்.

மறுநாள் நானே பஸ் ஏறிப் போய்த் தேதி வாங்கினேன். மே 15. காப்பு எப்போதோ அவிழ்த்தாகிவிட்டது. இனி எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

அந்தப் பட்டையைத் துவைத்து இதோடு அனுப்புகிறேன். உனக்குத்தான் அது வேண்டும். எனக்கு ராமாத்தாள் தைத்துக் கொடுத்துவிட்டாள். அத்தனை வளைவும் இறங்கி நீ வரக்கூடாது. வந்தால் மயக்க ஊசி போட விடாமல் எழுந்து வந்துவிடுவேன்.

உன் அத்தை,
நாச்சம்மாள்

---

கம்பம்மெட்டு,
10 மே 2025

அத்தை,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்தும் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

தெரிந்த அன்று முதலில் உங்களுக்குத்தான் சொல்லத் தோன்றியது. பேனாவை எடுத்தால் அந்தக் கோயில் படிகளெல்லாம் ஞாபகம் வந்தன. நீங்கள் எனக்காக மண்சோறு சாப்பிட்டது ஞாபகம் வந்தது. உங்களுக்கு எழுதினால், பார் எனக்கு இங்கே வந்ததும் நடந்துவிட்டது என்று உங்கள் மகனைக் குத்துவது மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தேன். அதற்காக உங்களிடமிருந்து மறைத்தேன். மறைக்கத் தெரியாமல் என் கையில் கிடந்ததையே கழற்றி அனுப்பியும் வைத்தேன். அதுதான் எனக்குக் கேட்டது, உங்களுக்கும் கேட்கட்டும் என்று வேறொன்றும் யோசிக்கவில்லை.

இப்போது ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன். நீங்கள் சொன்னபடி வரவில்லை. ஆனால் பதினைந்தாம் தேதி காலையில் இருந்து போனைக் கையில் வைத்திருப்பேன். கண் விழித்ததும் மாமாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். பழைய மாமியாரின் பெயர் என் போனில் வரட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

தைரியமாகப் போய் வாருங்கள்.

உங்கள் அம்மிணி,
பிரதீபா

---

மீனாட்சிபுரம்,
25 மே 2025

என் அம்மிணிக்கு,

எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயந்துவிடாதே. தையல் காய்ந்துவிட்டது. போனில் பொங்கியண்ணன் "நல்லாயிருக்கறாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

உள்ளே படுக்கவைத்ததும் ஷீனா டாக்டர் என் விரலை வைத்தே அளந்து இரண்டு மணிக்கட்டிலும் ஊசி வைத்தது. கொசு கடித்த மாதிரி ஒரு கடுகடுப்பு. பிறகு மயக்கம். கண் விழித்தபோது வாய் கசந்தது, வயிறு புரண்டது. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். நீ எழுதினது சரிதான் அம்மிணி. அந்த நேரத்தில் என் கண் கௌசிக்கைத்தான் தேடியது. அவன் இல்லை. அழுதேன். ஷீனா டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பொங்கியண்ணன் பக்கத்தில் நின்றான். அவனுக்கு வாந்தியைக் கண்டால் ஆகாது, உனக்குத் தெரியும். அவன் கிண்ணத்தைத் தொடவில்லை. நர்ஸ் என் கையில் பட்டையைப் போட்டு, "இந்தப் பொத்தான் மேல அப்பப்ப அமுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அமுக்கினான். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. "போதும்டா, கை கன்னிப்போச்சு" என்றால், "நீங்க சும்மா படுங்கக்கா" என்று அதட்டுகிறான். குமட்டல் இரண்டு மூன்று தடவை தொண்டை வரைக்கும் வந்தது, திரும்பிப் போய்விட்டது. வாந்தி வரவே இல்லை. மருந்தா, ஊசியா, தம்பியின் கட்டை விரலா, எது நிறுத்தியது என்று டாக்டருக்கே தெரியவில்லை. மூன்றையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இனி நான் கேட்கப்போவதைக் கேள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ராமாத்தாள் கேட்ட அன்றே எனக்கு இதுதான் தோன்றியது. இதற்காகத்தான் நான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். வயிற்று வலியோடு சுருண்டு கிடக்கிறவள் பிள்ளைத்தாய்ச்சிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க முடியாது. வளைகாப்பு முடிந்ததும் உன்னைக் கூட்டிவர நானே கம்பம்மெட்டுக்கு வருகிறேன்.

அது மாப்பிள்ளையின் பிள்ளை. அவர் வீட்டுப் பேர் சொல்லும் பிள்ளை. எனக்கு அதில் பங்கு இல்லை, கேட்கவும் மாட்டேன். குளிப்பாட்டிவிட்டு அவரிடமே கொடுத்துவிடுவேன். ஆனால் நான் என்ன முறை சொல்லிக்கொண்டு உன் மாமியார் வாசலில் வந்து நிற்பது என்றுதான் தெரியவில்லை. செத்துப்போன மகனின் அம்மா, மருமகளின் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? உன் மாமியார் மனசு நோகக்கூடாது. அவரைக் கேட்டு எழுது. வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்.

நாச்சம்மாள்

---

கம்பம்மெட்டு,
5 ஜூன் 2025

உங்களுக்கு வணக்கம்.

நீங்கள் பிழைத்து எழுந்து உட்கார்ந்து எழுதிய கடிதத்தை இவரும் படித்தார். இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டார்.

என் மாமியாரிடம் இன்று காலையில் பேசினேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வளைகாப்பு முடிந்ததும் என்னைக் கூட்டிப்போக மீனாட்சிபுரத்திலிருந்து வருவார்கள் என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைக்காமலேயே, "யாரு வர்றாங்க?" என்று கேட்டார்.

ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில்களையெல்லாம் விட்டுவிட்டேன். "எங்கம்மா வர்றாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரியாதா? பிறகு புடைப்பதைத் தொடர்ந்தார். "மலையேறி வர்றவங்க பசியோட வருவாங்க. ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போகணும்னு இப்பவே எழுதிரு" என்றார்.

எழுதிவிட்டேன், அம்மா.

பிரதீபா